போட்டோகாப்பிக் கடையில் கனடா சாமி

ஜூலை 7, திங்கள்

இந்தப் பர்மா மழை விடவில்லை. லேமினேஷன் மெஷின் இன்றைக்கும் ஒரு பட்டமளிப்புப் படத்தைச் சுருட்டி விழுங்கிவிட்டது. படத்துக்குச் சொந்தக்காரி கடையில் நின்று மூக்கை உறிஞ்சுகிறாள், நான் மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவுகிறேன், அந்த நேரம் பார்த்து என் மகள் யமுனா வந்து, "அம்மா, எனக்குக் காலேஜ்ல இடம் கெடச்சிருச்சு" என்கிறாள்.

எங்கே? கனடாவில். கனடாவில் எங்கே? வின்னிபெக். ஊர்ப் பெயரா அது? இருமல் மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது.

அவள் விண்ணப்பம் போட்டதே எனக்குத் தெரியாது. அவளுடைய அப்பாவுக்குத் தெரியுமாம். துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காளி கோயில் செய்தி ஒன்றைக்கூட வாய்க்குள் அடக்கத் தெரியாத மனுஷன், இதை மட்டும் கமுக்கமாக வைத்திருந்திருக்கிறார்.

"ஏங்க, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லுவ, மரகதம்."

"இப்ப மட்டும் வேணும்னா சொல்லப்போறேன்?"

ஒரே பிள்ளை. ஒன்றே ஒன்று பெற்றேன், அதுவும் பனிக்குள் போகிறதாம்.

ஜூலை 8, செவ்வாய்

ஏன் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு இருபத்து மூன்று வயது. இந்த வயதில் பிள்ளை வைத்திருக்கிற வீடுகளில் யாராவது கதவைத் தட்டினாலே பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று பெற்றவர்கள் பிள்ளையை ஒளித்துவைக்கிறார்கள். இதற்கு மேல் இதில் எழுதமாட்டேன்.

ஆனால் பேங்காக் இல்லையா? சிங்கப்பூர் இல்லையா? நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் ஒரு ஊர் கிடைக்கவில்லையா இவளுக்கு?

இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் முடிவாகச் சொல்லிவிட்டேன். பெண் கேட்டு வருகிற வீட்டைப் பற்றியே நாலு இடத்தில் விசாரிக்கிறோம். தாத்தா எப்படி, சொத்து எப்படி வந்தது, பரம்பரையில் சீக்கு உண்டா, எவனாவது குடிப்பானா என்று. ஒரு நாட்டுக்குப் பெண்ணை அனுப்பும்போது விசாரிக்க வேண்டாமா? நான் விசாரிக்கிறேன். நல்ல குடும்பம் என்று தெரிந்தால் பார்க்கலாம்.

யமுனா சிரித்தாள். "கனடாவ யார்கிட்டம்மா விசாரிப்ப?"

"கம்ப்யூட்டர்கிட்ட."

உண்மையைச் சொன்னால், நான் குறை கண்டுபிடிக்கத்தான் போகிறேன். குறை இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது?

ஜூலை 13, ஞாயிறு

விசாரணை தொடங்கியது. தாமுவேயில் எங்கள் வீட்டில் கரண்ட் வருவது சாமி வருவது மாதிரி, யாருக்கும் நேரம் தெரியாது. பபேடானில் இருக்கிற கடைக்கு ஜெனரேட்டர் உண்டு, அதனால் கடைக் கம்ப்யூட்டர்தான். பாதித் தளங்களை இங்கே தடுத்து வைத்திருக்கிறார்கள், நேராகத் திறக்காது. வி.பி.என். சுற்றுவழியில் போனால் நான் நார்வேயில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நார்வே மொழியில் வணக்கம் சொல்கிறது. நானும் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கனடாக்காரர்களே எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் வீட்டிலிருந்தபடியே நடக்கலாம். பழைய பத்திரிகைகளை ஒரு தாள் விடாமல் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஸ்கேன் வேலை சுத்தம், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓரம் வெட்டுப்படவில்லை, கறுப்புக்கோடு விழவில்லை.

இதுவரை கிடைத்த குறைகள்: வின்னிபெக்கில் மார்கழியில் மூக்கு உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. முதலில் போன வெள்ளைக்காரர்கள் குளிரில் ஈறு வீங்கிச் செத்தார்கள். அங்கிருந்த பூர்வகுடி ஆட்கள்தான் மரப்பட்டைக் கஷாயம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பீவர் என்று ஒரு பிராணி, பல்லை நீட்டிக்கொண்டு ஆற்றில் அணை கட்டுமாம். அதன் தோலில் தொப்பி செய்ய வெள்ளைக்காரன் அலைந்து அலைந்து அந்த நாட்டையே வளைத்துப்போட்டான். தொப்பிக்காக! வயிற்றுப்பாட்டுக்காகக்கூட இல்லை.

யமுனாவிடம் சொன்னேன். "தேக்குக்காக நம்ம நாட்டுக்கு வந்தவனும் அதே ஆளுங்கதானம்மா" என்கிறாள். பதிலுக்குப் பதில் பேசுகிற வாய் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கனடா வரலாற்றில் ஒரு தேர்வு வைத்தார்கள், இணையத்தில்தான். எழுதினேன். ரயில்பாதைக் கேள்வி ஒன்றில் மட்டும் கோட்டை விட்டேன். சான்றிதழ் வந்தது. அச்சிட்டு, லேமினேட் செய்து, கடையில் தொழில் உரிமத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷாஹுல் பாய் வந்தார். விற்கிற கண்ணாடியில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அக்கா, இதுல அஞ்சாங் கிளாஸ் புள்ளைங்களுக்குன்னு போட்டிருக்கே?"

இந்த ஆளுக்குக் கண் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி

கிடைத்துவிட்டது! நல்ல கனமான குறை.

1914-இல் ஒரு கப்பல் நிறைய நம் ஆட்கள், பஞ்சாபிகள், கனடாவுக்குப் போயிருக்கிறார்கள். வான்கூவர் துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிட்டு ஆளை இறக்க விடவில்லை. ஊரிலிருந்து நேராக ஒரே பயணமாக வந்திருக்கவேண்டுமாம். அப்படி நேராக வருகிற கப்பலே கிடையாது என்று தெரிந்துகொண்டே போட்ட சட்டம். கரை கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் இல்லை, சோறு இல்லை, கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டான்.

எல்லாவற்றையும் அச்சிட்டு, ஸ்பைரல் போட்டு, யமுனாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "பாத்தியா உன் மாமியார் வீட்டு லட்சணத்தை?"

முழுவதும் படித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அந்த நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று இதற்கு மன்னிப்புக் கேட்டது அதில் இருந்தது. ஸ்பைரல் போட்ட அவசரத்தில் நான் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை.

அவளுடைய அப்பா குனிந்துகொண்டு சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று தோள் சொன்னது.

ஆகஸ்ட் 9, சனி

யமுனா விசாவுக்குப் போட்டுவிட்டாள். விரல்ரேகையும் கொடுத்துவிட்டு வந்தாள். இனி அவர்கள் முடிவு சொல்லவேண்டியதுதான்.

கோபம் வந்தால் எனக்கு ஏதாவது அச்சடிக்கவேண்டும். அருங்காட்சியகத் தளத்தில் ஹைடா என்கிற பூர்வகுடி மக்களின் கம்பம் ஒன்று இருந்தது. தேவதாரு மரத்தை முழுசாகச் செதுக்கி நிறுத்தியது. மேலே கழுகு, நடுவில் கரடி, கீழே பீவர். "பார், இந்த ஊரில் வாசல்படியிலேயே கரடி நிற்கும்" என்று அவளைப் பயமுறுத்தத்தான் எடுத்தேன். நீளமான படம். துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டினேன், தரையிலிருந்து உத்தரம் வரை வந்தது.

ஒட்டி முடித்துப் பார்த்தால் கரடியின் இரண்டு கைக்குள்ளும் ஒரு குட்டி. இறுக்கிப் பிடித்திருக்கிறது. எவன் வந்து கேட்டாலும் தரமாட்டேன் என்று கண்ணை உருட்டுகிறது. எனக்கு இந்தக் கரடியைப் பிடித்துவிட்டது. வாசலுக்கு நேர் சுவரில் ஒட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் கடைக்குப் போனால் கரடி நெற்றியில் குங்குமம்!

வேறு யார்? என் வீட்டுக்காரர் செல்லையாதான். நிமிர்ந்து நிற்கிற எதற்கும் பொட்டு வைக்காமல் அவர் கை சும்மா இருக்காது.

"மேல கருடன், நடுவுல ஜாம்பவான், கீழ மூஞ்சூறு. எல்லாம் நம்ம ஆளுங்கதான், மரகதம்."

"அது மூஞ்சூறு இல்லைங்க, பீவர்!"

"பேர் ஊருக்கு ஊர் மாறும்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வினை தொடங்கியது. தெருமுனையில் சமோசாவைப் பிய்த்துப் போட்டுக் கலக்கிய சமோசா தோக் விற்கிற டோ கின் மே போன வாரம் மகனுடைய பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்தாள். பொட்டு வைத்திருக்கிற முகத்தைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுப் போனாள். பர்மாக்காரர்களுக்கு நாட் என்கிற காவல் சாமிகள் ஏற்கனவே நிறைய, இன்னும் ஒன்று கூடினால் என்ன என்று நானும் சும்மா இருந்தேன். நேற்று மகனுக்கு ஜப்பான் விசா வந்துவிட்டது.

இன்று கடோப்வே படையல் தட்டோடு வந்து நிற்கிறாள். நடுவில் தேங்காய், சுற்றிலும் வாழைச்சீப்பு, சிவப்புத் துணி, எல்லாம் முறைப்படி. வைக்க இடமில்லை என்று போட்டோகாப்பி மெஷின் தலைமேல் வைத்துவிட்டாள்.

"டோ மியா, உங்கள் சாமிக்கு இது போதுமா?" என்று பர்மிய மொழியில் பவ்யமாகக் கேட்கிறாள். டோ மியா நான்தான். டோ என்பது மரியாதைக்கு, மரகதத்துக்குப் பர்மாவில் மியா.

"இது சாமி இல்லை. கனடா."

"கனடா சாமியா! அதுதான் ஜப்பான் விசாவே கொடுத்திருக்கிறது."

தலையில் அடித்துக்கொண்டேன். தேங்காய்த் தண்ணீர் பேப்பர் ட்ரேக்குள் போய்விட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாழைப்பழம். எங்கு பார்த்தாலும் வாழைப்பழம். கடை முழுக்க எறும்பு. ஸ்கேன் கண்ணாடிக்குள் ஓர் எறும்பு நுழைந்து, ஒரு பெரிய மனிதரின் கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

எனக்கு மனசும் சரியில்லை. அது ஒரு குடும்பத்தின் பொருள். அந்தத் தளத்தில் படித்தேனே: ஒவ்வொரு உருவமும் அந்த வீட்டாரின் வம்சக் கதை, கும்பிடுவதற்கு வைத்தது இல்லை. அவர்களிடமிருந்து எத்தனையோ கம்பங்களை வெள்ளைக்காரன் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டான், இப்போதுதான் ஒன்றிரண்டைப் போராடித் திரும்ப வாங்குகிறார்கள். இங்கே நாம் சிவப்புத் துணி கட்டுகிறோம்.

அருங்காட்சியகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். "எங்கள் தெரு ஜனங்கள் உங்கள் கம்பத்துக்குக் குங்குமம் வைக்கிறார்கள், என் கணவரும் அதில் சேர்த்தி. யாருக்காவது மனவருத்தம் உண்டா?"

ஆகஸ்ட் 28, வியாழன்

பதில் வந்துவிட்டது! யாரோ ஒரு பெண்மணி, அந்தக் கம்பத்துக்காரர்களின் ஊர்க்காரியாம். நேற்றுப் பிள்ளையார் சதுர்த்திக்குக் கரடிக்கும் கொழுக்கட்டை வைத்துவிட்டார் என் புருஷன், நல்லவேளை அதை அவளுக்கு எழுதவில்லை. தன்மையாக எழுதியிருக்கிறாள். படத்தை விற்காதீர்கள், இது யாருடையது என்று வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள், நாங்கள் இப்போதும் இருக்கிறோம் என்றும் சொல்லுங்கள்.

சரி. சொல்லிவிடுகிறேன். வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறேன். வரலாறு தெரிந்தால் தேங்காய் நின்றுவிடும்.

செப்டம்பர் 6, சனி

நிற்கவில்லை.

நான் ஹைடா மக்களில் ஆரம்பித்து, பீவர் தொப்பி, ரயில்பாதை, திருப்பி அனுப்பிய கப்பல் என்று ஒழுங்காக வரிசைப்படுத்திப் பர்மிய மொழியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொல்கிறேன். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பிக்கொண்டு கேட்கிறார்கள். முடித்ததும் பிக்குவின் பிரசங்கத்துக்கு நன்று, நன்று என்று சொல்வது போல எல்லாரும் சேர்ந்து "தாது, தாது, தாது" என்கிறார்கள். டோ கின் மே தெருவெல்லாம் பரப்பிவிட்டிருக்கிறாள்: டோ மியா சொல்கிற கதையைக் கடைசி வரை கேட்டால்தான் பலிக்கும், நடுவில் எழுந்து போனால் விசா ரிஜெக்ட்.

ஒருத்தி கேட்டாள், "கீழே இருப்பவர் சைவமா, அசைவமா?"

சும்மா இருந்திருக்கலாம். தெரிந்ததைத் தப்பில்லாமல் சொல்லவேண்டும் என்கிற வியாதி எனக்கு. "சைவம். மரப்பட்டை தின்னும்" என்றேன். இன்று காலையில் வாசலில் தானாக்கா கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. முகத்தில் பூச அரைக்கிற கட்டை, நல்ல ஷ்வேபோ ஊர்ச் சரக்கு. பீவருக்குப் பலகாரமாம்.

ஷாஹுல் பாயும் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். "எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாதுக்கா. ஆனா வரலாறு கேக்குறது தப்பில்லையே? மச்சான் மகன் மலேசியாவுக்குப் போட்டிருக்கான்."

செப்டம்பர் 10, புதன்

இன்று படித்ததைக் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்த நாட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் விடுதிப் பள்ளிகளில் போட்டிருக்கிறார்கள். தாய்மொழி பேசினால் அடி. நிறையப் பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. இது பழங்கதையும் இல்லை, நான் பிறந்த பிறகும் நடந்திருக்கிறது. தப்பி வந்தவர்கள் கிழவர்களாகிக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் சொல்கிறார், தன் அம்மா தினமும் ரோட்டைப் பார்த்து நின்றிருப்பாள் என்று.

விசாரணையில் இதைவிடப் பெரிய குறை கிடைக்காது. யமுனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அழுதாள். நானும்தான்.

"அம்மா, இத யார் எழுதி வச்சிருக்காங்க பாரு. அவங்க அரசாங்கமே ஆள் போட்டு, கேட்டு, எழுதி, நீ பபேடான்ல உக்காந்து படிக்கிற மாதிரி போட்டிருக்காங்க. இங்க நடக்கிறத யாராவது அப்படி எழுதுவாங்களா?"

இந்த டைரிப் பக்கத்தையே நான் மடித்து ஒளித்து வைக்கத்தான் போகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மலேசியா வந்துவிட்டது. ஷாஹுல் பாய் பிரியாணி கொடுத்தார், "வரலாற்றுக்காக" என்று.

கொரியா இரண்டு, துபாய் ஒன்று. யமுனாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. தெருவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கடைக்காரிக்கே நம்பிக்கை கிடையாது, ஒரு நாள் கைகூப்பியதில்லை, சாமிக்குக் கோபம், அதுதான் சொந்த மகளுக்கு இழுக்கிறது என்று.

வீட்டுக்காரர் கெஞ்சுகிறார். "ஒரே ஒரு தரம் கும்பிட்டுரு, மரகதம். உனக்கு என்ன கொறஞ்சிடும்?"

"காகிதங்க அது! நான் அடிச்ச காகிதம்! சிவப்பு மை கம்மியாயிடுச்சுன்னு ரெண்டாந்தரம் வேற அடிச்சேன்!"

"நீ பெத்தவ. உன் வாயால கேட்டா சீக்கிரம் வரும்."

சீக்கிரம் வரும். அதுதானே என் கவலை, கூறுகெட்ட மனுஷா.

அக்டோபர் 6, திங்கள்

தடின்ஜுட் பௌர்ணமி, விளக்குப் பண்டிகை. பர்மாக்காரர்கள் மாதிரியே எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பெரியவர்களை மண்டியிட்டு வணங்குவது உண்டு. யமுனா வழக்கமாக டிவியைப் பார்த்துக்கொண்டே அவசரமாக ஒரு கும்பிடு போடுவாள். இந்த முறை நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்கவில்லை. போனால் திரும்ப எப்போது என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"எல்லாம் நல்லபடியா நடக்கணும்" என்று அவர் ஆசீர்வாதம் செய்தார். நான் அவள் தலையில் கையை வைத்தேன். எடுக்க மனசில்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று கடையை நானே முதலில் போய்த் திறந்தேன். யாரும் வரவில்லை. ஒரு ஊதுபத்தி ஏற்றினேன். கொசுவுக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் கல்லாக வந்தது. வீட்டுக்காரர் அதையும் பீவருக்கு வைத்தார், அதற்குத்தான் பல் இருக்கிறதாம்.

நவம்பர் 12, புதன்

வந்துவிட்டது.

மத்தியானம் ஒரு கூட்டத்துக்குக் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். யமுனா தெருமுனையிலிருந்தே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்குகிறது, சொல்ல முடியவில்லை, தலையைத் தலையை ஆட்டுகிறாள். டோ கின் மே போட்ட சத்தத்தில் மாடிகளிலெல்லாம் ஜன்னல் திறந்தது. எல்லாரும் "தாது, தாது, தாது" என்கிறார்கள். வீட்டுக்காரர் கரடியின் காலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறார், அந்தத் துண்டு அப்படியே சுவரிலிருந்து உரிந்து வந்துவிட்டது. ஷாஹுல் பாய் டேப் எடுத்துக்கொண்டு வந்து ஒட்டினார்.

"அம்மா?" என்றாள் யமுனா.

"நல்லதும்மா" என்றேன். டோனர் மாற்றவேண்டும் என்று உள்ளே போனேன். டோனர் நிறையத்தான் இருந்தது. போகட்டும். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். கதவு தட்டினா பயப்படாத ஊர்ல இருக்கட்டும். நான் என்ன ராட்சசியா? ஆனா ஐயோ, நான் என்ன செய்வேன், காலைல யாரை எழுப்புவேன்?

அந்தப் படத்தின் முகத்தில் பிறகு நான் முழிக்கவில்லை.

டிசம்பர் 27, சனி

பெட்டி எடை தாண்டுகிறது. காரணம் நானாம். வின்னிபெக்கின் பழைய கட்டடங்கள், ரயில் நிலையம், இரண்டு ஆறு சேர்கிற இடம், எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தேன். பனியில் நனையாமல் இருக்க லேமினேட் செய்து கொடுத்தேன். அது ஒரு குற்றமா?

"அம்மா, இதெல்லாம் போன்லயே இருக்கு."

"கரண்ட் போயிட்டா?"

"அங்க கரண்ட் போகாதும்மா."

அவளே பலாச்சான் என்கிற இறால் தூள் டப்பா ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, லேமினேட் செய்ததை உள்ளே வைத்தாள். பலாச்சான் இல்லாமல் இவள் ஒரு வாய் சோறு தின்னமாட்டாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

போய்விட்டாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். இங்கே காலை, அங்கே முந்தின நாள் ராத்திரி. வீடியோவில் பால் பொங்குவதைக் காட்டினோம். அவள் ஜன்னலைத் திறந்து பனியைக் காட்டினாள். ஜன்னலை மூடுடி என்று நான் கத்தியது மேல் மாடிக்குக் கேட்டிருக்கும்.

காலேஜில் புதுப் பிள்ளைகளை வைத்து ஊரைப் பற்றிக் கேள்வி கேட்டார்களாம். இரண்டு ஆறு சேர்கிற இடத்தில் யார் யார் வந்து கூடினார்கள், எத்தனை காலமாக என்று. இவள் ஒருத்திதான் சொல்லியிருக்கிறாள்.

"யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்கம்மா. எங்கம்மான்னேன். ஒங்கம்மா எந்த ஊர்ல படிச்சாங்கன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"பபேடான்னு சொன்னேன். அது எந்த மாகாணம்னு கேட்டாங்க."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை வைத்த பிறகும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. கடையில் வேலை குறைவு, சாமிக்குத்தான் கூட்டம். டோ கின் மேயே இப்போது பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறாள். தொப்பியையும் ரயிலையும் குழப்புகிறாள், நான் உள்ளேயிருந்தே திருத்துகிறேன்.

மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு ஒரு பொம்பளை வந்தாள். தமிழாள். க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் விற்கிறாளாம், வேலம்மா என்று பேர். தேங்காய் இல்லை, பழம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பழக்க தோஷத்தில் நான், "இது ஹைடாங்கிற ஜனங்களோட கம்பம்" என்று ஆரம்பித்தேன்.

"கதை வேணாங்க்கா."

"யாருக்கு விசா? எந்த நாடு?"

"மகனுக்கு. கொரியா. எல்லாம் குடுத்தாச்சு, பதில்தான் வரணும்."

"வந்துடும். இங்க எல்லாருக்கும் வந்துடுது."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். ஷாஹுல் பாய் கடையிலும் ஆள் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "வரக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன்க்கா" என்றாள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எதிர்க்கடைக்கு ஜாடை காட்டி இரண்டு லாஃபே டீ சொன்னேன். அவள் உட்காரும் வரை காத்திருந்து சொன்னேன்.

"அதுக்கு இது ஆகாதும்மா. நானும் கேட்டுப் பாத்துட்டேன்."